பெயர் சொல்லிக் கற்றுத்தரும் ஓரிகாமி வகுப்பு: பிரிக்பீல்ட்ஸில் நான்கு சனிக்கிழமைகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் மோனோரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், பூக்கடை ஒன்றின் மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்குத் தமிழில் ஓரிகாமி வகுப்பு நடக்கிறது. நான்கு வாரத் தொகுப்புக்குக் கட்டணம் 180 ரிங்கிட். காகிதத்துக்குத் தனியே 12 ரிங்கிட். வகுப்பை நடத்தும் அம்மையார் தம் பெயரையும் இடத்தின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மடிக்கும் வடிவத்தைப் படைத்தவரின் பெயரைச் சொல்லாமல் காகிதத்தைத் தொடவே விடாத ஒருவர் தம் பெயரை மட்டும் மறைத்துக்கொள்வது வேடிக்கைதான். ஆனாலும் கேட்டுக்கொண்டதை மதிக்கிறேன். கீழே மல்லிகைச் சரம் கட்டுகிறவர்களிடம் "காகிதம் மடிக்கிற டீச்சர்" என்று கேட்டால் மாடிப்படியைக் காட்டுவார்கள்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். புறப்பாட நடவடிக்கைக்காக மாணவர்களுக்குக் காகித மடிப்பு சொல்லித்தருவது என் பொறுப்பில் இருக்கிறது. இந்த வகுப்பைத் தேடிப் போனதற்கு ஒரு பழைய வெட்கம் காரணம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பேரங்காடி ஒன்றில் இயங்கும் கற்றல் மையத்தில் ஒருநாள் பட்டறைக்குப் போயிருந்தேன். மூடியுள்ள எண்கோணப் பெட்டி ஒன்றை மடிக்கச் சொல்லித்தந்து, அதன் மடிப்பு வரைபடத்தையும் நகலெடுத்து ஆளுக்கொரு தாளாகக் கொடுத்தார்கள். அந்தத் தாளை நான் பள்ளியில் மேலும் முப்பத்தைந்து நகல்கள் எடுத்து, மாணவர்களைப் பெட்டி செய்ய வைத்து, கண்காட்சி மேசையில் அடுக்கி, "பயிற்றுநர்" என்று என் பெயரையும் எழுதி நிறுத்தினேன். கண்காட்சிக்கு வந்த முன்னாள் மாணவி ஒருத்தி பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது யாரோட டிசைன்?" என்று கேட்டாள். அவள் குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கோ பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மூலத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான், அடிவரியில் ஏதோ எழுத்திருந்து, அதன்மேல் வெள்ளைப்பட்டை ஒட்டி நகலெடுத்திருப்பது தெரிந்தது. பட்டையின் ஓரம் மெல்லிய சாம்பல் கோடாக விழுந்திருந்தது. பெயர் தெரியாமல் போனதற்கும் தெரிந்தே மறைத்ததற்கும் உள்ள வேறுபாடு அந்தக் கோட்டில் இருந்தது.

ஆகவே இந்த மதிப்புரையில் நான் முதன்மையாகப் பார்ப்பது, பிறர் படைத்த வடிவங்களை இந்த வகுப்பு எப்படிக் கையாள்கிறது என்பதைத்தான். மடிப்பை நன்றாகக் கற்றுத்தருகிறார்களா என்றால், ஆம், பொறுமையாகவும் தெளிவாகவும் கற்றுத்தருகிறார்கள். அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

முதல் வாரம் உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது வெண்பலகையின் இடது மூலையில் காந்தத்தால் ஒட்டியிருந்த ஓர் அட்டை. அதில் நான்கு வரிகள்: வடிவத்தின் பெயர், படைத்தவர், வெளியான இடம், அனுமதி. அன்றைய அட்டையில் கொக்கு என்று எழுதி, படைத்தவர் என்ற இடத்தில் "மரபு" என்றும், அனுமதி என்ற இடத்தில் ஒரு சிறு கோடும் போட்டிருந்தார். கொக்கை மடிக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் கூறிய விளக்கம் சுவையானது. 1797-இல் ஜப்பானில் அச்சான நூல் ஒன்றிலேயே, ஒரே தாளில் பல கொக்குகளை இணைத்து மடிக்கும் முறைகள் தொகுக்கப்பட்டிருக்கின்றன. தனிக்கொக்கு அதற்கும் முந்தியது. அதை முதலில் மடித்தவர் யார் என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. "நம் வீட்டுக் கத்திக்கப்பல் மாதிரி" என்றார். கத்திக்கப்பலை எனக்குச் சொல்லித்தந்தது என் தாத்தா. அவருக்கு யார் சொல்லித்தந்தார்கள் என்பது அவருக்கே நினைவிருந்திருக்காது. வாசலில் போடும் புள்ளிக்கோலத்துக்கும் இப்படித்தான் உரிமையாளர் கிடையாது.

உரிமையாளர் உள்ள வடிவங்கள் எங்கிருந்து தொடங்குகின்றன என்பதற்கு அவர் ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவாவை எடுத்துக்கொண்டார். 1911-இல் பிறந்து 2005-இல் மறைந்த யோஷிசாவா, தாமே புதிதாக எண்ணிப் படைத்த வடிவங்களைத் தம் பெயரில் வெளியிட்டு, காகித மடிப்பு ஒரு கலைஞனின் படைப்பாக இருக்க முடியும் என்று நிலைநாட்டியவர். இன்று நாம் வரைபடங்களில் காணும் அம்புக்குறிகளும் மலை மடிப்பு (பின்னோக்கி மடிப்பது), பள்ள மடிப்பு (முன்னோக்கி மடிப்பது) ஆகியவற்றுக்கான கோட்டு வகைகளும் அவர் 1954-இல் வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்து, ஓரிகாமி நூல்கள் எழுதிய சாமுவேல் ராண்ட்லெட், ராபர்ட் ஹார்பின் ஆகியோரின் கைவழியாக மேற்கே பரவியவை. வரைபடம் என்ற ஒன்று பொதுமொழியான பிறகு, ஒருவர் எண்ணியதை உலகின் மறுமூலையில் இன்னொருவர் அவரைப் பார்க்காமலே மடிக்க முடிந்தது. பெயர் உதிர்ந்துபோகும் வாய்ப்பும் அதே வழியில்தான் வந்தது. இந்த இடத்தில் அம்மையார் சொன்ன ஓர் ஒப்புமை மனத்தில் நின்றுவிட்டது. தியாகராஜர் கீர்த்தனையை யார் பாடினாலும், அவர் பெயர் முத்திரையாகப் பாட்டுக்குள்ளேயே இருப்பதால், பாடுகிறவர் சொல்லாவிட்டாலும் பாட்டே சொல்லிவிடும். மடித்த காகிதத்தில் முத்திரை வைக்க இடமில்லை. அதனால் மடித்துக் காட்டுகிறவர்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

இரண்டாம் வாரம் சொனோபே அலகு. மிட்சுநோபு சொனோபேயின் பெயரால் வழங்கும் இந்த அலகை, ஒரே மாதிரி ஆறு மடித்துக் கோத்தால் கனசதுரமும், பன்னிரண்டு கோத்தால் முனைகள் நீண்ட எண்முகியும், முப்பது கோத்தால் முள்பந்து போன்ற உருண்டையும் கிடைக்கும். உலகம் முழுவதும் கணித ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்துவது. நானும் பலமுறை சொல்லித்தந்திருக்கிறேன். ஒருமுறைகூடப் பெயர் சொன்னதில்லை. அட்டையில் அவர் பெயரை எழுதிவிட்டு, எவ்வளவு பரவலாகிவிட்டாலும் படைத்தவர் இன்னார் என்று தெரிந்த வடிவத்தை "மரபு" என்ற பெட்டிக்குள் தள்ளிவிடக் கூடாது என்று அம்மையார் சொன்னார். பரவிவிட்டது என்பதும் உரியவர் இல்லை என்பதும் ஒன்றல்ல என்பது கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. நான் ஆறேழு ஆண்டுகளாக இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தேன்.

அன்றைக்கே தம் கோப்பையும் காட்டினார். தடித்த கறுப்புக் கோப்பு. நெகிழி உறை ஒவ்வொன்றிலும் ஒரு மின்னஞ்சலின் அச்சுப்பிரதி. மேலே பென்சிலில் தேதி. வகுப்பில் கற்றுத்தர விரும்பும் வடிவத்தைப் படைத்தவருக்கு எழுதி, அவரிடமிருந்து வந்த மறுமொழிகள் அவை. ஐரோப்பிய வடிவமைப்பாளர் ஒருவர் இரண்டே வரியில், தாராளமாகக் கற்றுக்கொடுங்கள், என் பெயரைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், கட்டணம் வாங்கும் வகுப்பென்றால் மாணவர்கள் தம் நூலை வாங்கியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார். மூன்றாமவர், நேரில் கைபிடித்துச் சொல்லித்தரலாம், வரைபடம் கொடுக்கக் கூடாது, படம்பிடித்து வெளியிடக் கூடாது என்று பிரித்துப் பிரித்து எழுதியிருந்தார். முடியாது என்று மறுத்த கடிதம் ஒன்றும் அதே மரியாதையோடு உறையில் இருந்தது. அந்த வடிவத்தை அவர் கற்றுத்தருவதில்லை. கோப்பில் என்னை மிகவும் கவர்ந்தது அந்தப் பக்கம்தான். சம்மதங்களை மட்டும் சேர்த்து வைப்பது யாராலும் முடியும்.

அன்று மடித்த அந்த மூன்றாமவரின் வடிவத்துக்கான நிபந்தனைதான் சோதனைக்கு வந்தது. சக மாணவர் ஒருவர் கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி முழு மடிப்பையும் பதிவுசெய்யத் தொடங்கினார். முடிந்த வடிவத்தை எவ்வளவு வேண்டுமானாலும் படம் எடுக்கலாம், படிப்படியாக எடுக்க வேண்டாம் என்று அம்மையார் சொன்னார். "வலையொளியில ஏற்கெனவே எத்தனையோ பேர் போட்டிருக்காங்களே டீச்சர், நான் போட்டா மட்டும் என்ன?" என்று அவர் சற்று எரிச்சலோடுதான் கேட்டார். "அவங்க கேட்டாங்களான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் கேட்டேன். அவர் எனக்குச் சொன்னது இது" என்றார் அம்மையார். பதிவு நின்றது. அந்த மாணவர் நான்காம் வாரம் வரை முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வகுப்பின் கண்டிப்பு எல்லாருக்கும் ஒத்துவராது.

மூன்றாம் வாரம் காகிதமே அதிகம் மடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் சட்டம். ஒரு மணி நேரம் கடிதம் எழுதும் பயிற்சி. சட்டப் பகுதி சற்று வறண்டதுதான் என்றாலும், ஆசிரியர்களுக்குத் தேவையானது. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, கலைப்படைப்புக்கும் எழுத்துப்படைப்புக்கும் உரிமை படைத்தவரின் வாழ்நாளோடு மேலும் 50 ஆண்டுகள் நீடிக்கிறது. பதிவுசெய்தால்தான் உரிமை என்பதில்லை. மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் விரும்பினால் அறிவிப்புச் செய்துகொள்ளலாம். நம் நாடு 1990-இல் பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டதால், ஜப்பானியரோ இத்தாலியரோ வரைந்த வரைபடத்துக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. இந்தக் கணக்கில் பார்த்தால் யோஷிசாவாவின் வரைபடங்கள் இங்கே 2055 முடியும் வரை உரிமைக்குட்பட்டவை. அதே சட்டம், எண்ணமும் செய்முறையும் கணிதக் கருத்தும் தம்மளவில் பதிப்புரிமைக்குள் வராது என்றும் சொல்கிறது. எனவே அனுமதியின்றி வரைபடத்தை நகலெடுத்துக் கொடுப்பது பொதுவாக எல்லைமீறல். ஒரு வடிவத்தை எப்படி மடிப்பது என்று வாயால் சொல்லித்தருவது எவ்வளவு தூரம் சட்டத்துக்குள் வரும் என்பது வாதத்துக்கு இடமுள்ள கேள்வி. அம்மையார் இதை மழுப்பாமல் ஒத்துக்கொண்டார். தாம் கேட்டு எழுதுவது சட்டத்துக்குப் பயந்து அல்ல, ஓரிகாமிக்காரர்களிடையே உள்ள வழக்கம் அது என்பதால்தான் என்றார். அமெரிக்காவின் ஓரிகாமியுஎஸ்ஏ அமைப்பும் தன் மாநாட்டில் பாடம் நடத்த முன்வருவோரிடம் வடிவமைப்பாளரின் அனுமதியை எதிர்பார்க்கிறது.

நீதிமன்றம் வரை போன செய்தி ஒன்றையும் சொன்னார். வடிவத்தை விரித்தால் தாளில் தெரியும் கோடுகளின் வரைபடத்தை, அதாவது மடிப்புக்கோட்டுப் படத்தை, சேரா மோரிஸ் என்ற ஓவியர் வண்ணம் தீட்டி ஓவியங்களாக்கினார் என்று, இயற்பியலாளராக இருந்து ஓரிகாமிக் கலைஞரான ராபர்ட் லாங்கும் வேறு சில வடிவமைப்பாளர்களும் 2011-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். 2013-இல் அது சமரசத்தில் முடிந்துவிட்டதால், கோடுகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு நீதிமன்றத்தின் வாயிலிருந்து விடை வரவில்லை. எனக்கு இதில் தைத்தது, ஓவியத்தைப் பார்க்கிறவருக்கு அது வெறும் முக்கோண அலங்காரமாகத் தெரியும். வண்டோ பறவையோ அதற்குள் மடங்கிக் கிடப்பது வடிவத்தைப் படைத்தவருக்கு மட்டும் தெரியும் என்பதே.

கடிதப் பயிற்சிதான் இந்தத் தொகுப்பின் உச்சம் என்பேன். நாம் யார், எந்த வடிவம், அதை எந்த நூலில் கண்டோம், எத்தனை பேருக்கு, எந்த வயதினருக்கு, கட்டணம் உண்டா இல்லையா, வரைபடம் கொடுக்க எண்ணமுண்டா, படம்பிடிப்போமா, பெயரை எங்கே எப்படிக் குறிப்போம் என்று எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். "உங்கள் வடிவங்களை வகுப்பில் பயன்படுத்தலாமா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், படைத்தவர் நம்மிடமே பத்துக் கேள்வி கேட்க வேண்டிவரும், அந்தச் சிரமத்தையும் நாமே அவருக்குக் கொடுத்ததாகிவிடும். வரைபடத்தை வரைந்தவரும் வடிவத்தைப் படைத்தவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம். நூலை வெளியிட்டவரிடம் உரிமையின் ஒரு பகுதி இருக்கலாம். ஒருவரின் சம்மதத்தை எல்லாருடைய சம்மதமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. பதில் வராவிட்டால் அது சம்மதமல்ல; ஒரு மாதம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் எழுதி, அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு வடிவத்தைத் தேட வேண்டும். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குத்தான் என்று பக்கத்து நாற்காலியில் இருந்த ஆன்ட்டி முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்து, கொஞ்ச நேரம் பாடம் நடக்கவில்லை.

பிறர் வடிவத்தில் ஒரு மடிப்பை மாற்றிவிட்டுத் தம் படைப்பென்று சொல்லிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றிக் கேட்டேன். மூலம் எது, மாற்றம் எது என்று இரண்டையும் சொன்னால் தீர்ந்தது என்றார். எளிய வடிவங்களை ஒருவரை ஒருவர் அறியாமலே இருவர் கண்டுபிடித்துவிடுவதும் உண்டு. அப்படித் தெரியவந்தால் இருவர் பெயரையும் எழுதுவதாம்.

எனக்கு உடன்பாடில்லாத இடங்களும் உண்டு. கட்டணம் வாங்கும் வகுப்புக்கும், சம்பளத்துக்கு வேலைபார்க்கும் பள்ளி ஆசிரியன் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தும் அரைமணி நேரத்துக்கும் ஒரே அளவுகோலை அவர் வைக்கிறார். பள்ளி ஆண்டில் பன்னிரண்டு வடிவம் சொல்லித்தர வேண்டுமென்றால், பன்னிரண்டு கடிதம் எழுதிக் காத்திருக்க எந்த ஆசிரியருக்கும் நேரமிருக்காது. கொக்கு, தவளை, சாமுராய்த் தலைக்கவசம், மசு என்ற சதுரப்பெட்டி, நம் கத்திக்கப்பல் என மரபு வடிவங்களைக் கொண்டே பெரும்பாலான மாதங்களை ஓட்டிவிடலாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு புதிய வடிவத்துக்கு மட்டும் எழுதிக் கேட்டால் போதும் என்பது என் கருத்து. ஆனால் அதற்கு உதவும் மரபு வடிவங்களை இந்த வகுப்பு முதல் வாரத்தோடு கைவிட்டுவிடுகிறது. தொகுப்பின் பெருங்குறை இதுவே. பெட்டி என்றாலே மரபான மசுவும் உண்டு, ஜப்பானிய வடிவமைப்பாளர் தொமோக்கோ ஃபுசே போன்றோர் அலகுகளைக் கோத்து வடிவமைத்த பெட்டிகளும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து மடித்துக் காட்டியிருந்தால், எங்கே கேட்க வேண்டும், எங்கே வேண்டாம் என்பது பத்து நிமிடத்தில் விளங்கியிருக்கும்.

சில்லறைக் குறைகள்: கொடுக்கும் 15 சென்டிமீட்டர்த் தாள் மெலிந்தது, மூன்றாம் முறை பிரித்து மடித்தால் மூலை கிழிகிறது, சாளரத்தை ஒட்டிய மேசையில் வெளிச்சம் போதாமல் பள்ள மடிப்பின் தடமே தெரியவில்லை, குளிர்சாதனத்திலிருந்து ஒழுகும் நீருக்கு வாளி வைத்திருக்கிறார்கள், வாளியைத் தாண்டித்தான் உட்கார வேண்டும். அட்டைகளில் படைத்தவர்களின் பெயரை ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறார். தமிழில் நடத்தும் வகுப்பில் படைத்தவரின் பெயரைத் தமிழ் எழுத்தில் எப்படி எழுதுவது என்று சொல்லித்தந்தால், நாளை எங்கள் பள்ளிச் சுவரில் ஆளுக்கொரு விதமாக எழுத மாட்டோம்.

கடைசி வாரம் அந்த வெள்ளைப்பட்டைத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். அம்மையார் தாளைவிட வரைபடத்தின் அம்புக்குறி வரைந்திருந்த விதத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து நூலொன்றை எடுத்து, பக்கங்களைத் தள்ளி, ஒன்றைத் திறந்து என் முன் வைத்தார். அதே பெட்டி, அதே பதினான்கு படிகள். அடிவரியில், பட்டை மறைத்திருந்த இடத்தில், பெயர். அன்றிரவே அந்த வடிவமைப்பாளருக்கு எழுதினேன்: முப்பத்தைந்து நகல், கண்காட்சி, பயிற்றுநர் என்ற பெயர்ப்பலகை எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி, இனி கற்றுத்தரலாமா என்றும் கேட்டேன். பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. நடந்ததைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. நேரில் கற்றுத்தரலாம், நகல் வேண்டாம், பிள்ளைகள் செய்த பெட்டிகளின் படம் ஒன்று அனுப்பினால் மகிழ்வேன் என்று மட்டும் இருந்தது. அடுத்த கண்காட்சியில் மேசைமேல் அவர் பெயரும், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் என் பெயரும் இருந்தன.

பிள்ளைகள் ஒரு பிற்பகலை மகிழ்ச்சியாகக் கழிக்க வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு இந்த வகுப்பு ஏற்றதல்ல. 180 ரிங்கிட்டுக்கு வீட்டுக்குக் கொண்டுபோவது ஐந்தே வடிவங்கள்தான். பிறருக்குக் கற்றுத்தருகிறவர்கள், குறிப்பாகப் பள்ளி ஆசிரியர்களும் வார இறுதி வகுப்பு நடத்துகிறவர்களும், தயங்காமல் போகலாம். ஒரு தொகுப்புக்குப் பன்னிரண்டு பேர்தான். பதிவு புலனம் (வாட்ஸ்அப்) வழியாக மட்டும். நல்ல தாளை நீங்களே கொண்டுபோங்கள், சாளரப் பக்கத்து மேசையில் உட்காராதீர்கள், படிக்கட்டு செங்குத்தானது என்பதால் முழங்கால் வலியுள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கீழே பூக்கடையின் பின்னறையில் தனியாகச் சொல்லித்தருகிறார்.